மலையக வைத்தியசாலையொன்று தொற்றுநோய்ச் சிகிச்சைப் பரீட்சார்த்த வலையமைப்பில் சேர்ந்து அரச நிதி பெறும் வழி

ஒக்டோபர் மாத இடைப்பருவ மழை தொடங்கி இரண்டு கிழமை சென்றதும், இலங்கை மலையகத்தின் எந்த ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும் வெளிநோயாளர் பிரிவின் வாங்குகளில் காய்ச்சல்காரர்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கலாம். மரக்கறித் தோட்டத்துச் சேற்றில் வெறுங்காலோடு நின்றவருக்கு எலிக்காய்ச்சலா, மானாப்புல் அறுக்கப் போனவருக்கு உண்ணிக் காய்ச்சலா, இல்லை இருவருக்குமே டெங்குதானா என்பதை முதல் நாளிலேயே பிரித்தறியும் ஆய்வுகூட வசதி பல இடங்களில் இல்லை. ஆகவே வைத்தியர் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதிக் கொடுத்துவிட்டு, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையை நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மருந்து தனியாகப் போதுமா, இன்னொன்றையும் சேர்க்க வேண்டுமா, எத்தனை நாட்கள் கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தருவதுதான் சிகிச்சைப் பரீட்சார்த்தம். வைத்தியசாலைப் பேச்சில் கிளினிக்கல் டிரயல்.

கடுமையான உண்ணிக் காய்ச்சலைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி நம் அண்டை நாட்டில் கேட்கப்பட்டு விடையும் பெறப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு வைத்தியசாலைகள் சேர்ந்து, ஏறத்தாழ 800 நோயாளரை எழுமாறாக மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டொக்சிசைக்கிளினும் இன்னொன்றுக்கு அசித்ரோமைசினும் மூன்றாவதற்கு இரண்டுமாக நாளத்தின் வழியே கொடுத்தன. மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் இரண்டு மருந்தும் பெற்ற குழுவில் 33 சதவீதமாகவும், ஒரு மருந்து மட்டும் பெற்ற குழுக்களில் 47, 48 சதவீதமாகவும் இருந்தனர் என்று 2023இல் முடிவு வெளியானது. அதற்குப் பணம் தந்தது, இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ். நம் வார்டுகளில் படுத்திருக்கும் நோயைப் பற்றிய அந்த ஆய்வில் மலையகத்து நோயாளர் ஒருவர்கூட இல்லை. அடுத்ததில் இருக்க வேண்டுமானால் என்ன செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன். மலையகத்தில் பணிபுரியும் வைத்தியர்கள், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள், ஆராய்ச்சி உதவியாளர்கள் ஆகியோருக்காக, கண்டியில் இருந்துகொண்டு இத்தகைய விண்ணப்பங்களைத் தயாரித்த அனுபவத்தில் எழுதப்படுகிறது.

அரசாங்கங்கள் எதற்குப் பணம் தருகின்றன

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு மருந்தைச் சோதிப்பதற்கு நிதி கேட்பது வேறு. மருந்துகளைச் சோதிக்கக்கூடிய இடமாக ஒரு வைத்தியசாலையை ஆண்டுக்கணக்கில் ஆயத்தமாக வைத்திருப்பதற்கு நிதி கேட்பது வேறு. பல வைத்தியசாலைகள் சேர்ந்து ஒரே திட்டத்தின்படி பரீட்சார்த்தங்களை நடத்தும் அமைப்பே வலையமைப்பு; அதற்கான நிதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் விண்ணப்பங்கள் முதற்பக்கத்திலேயே தோற்றுவிடுகின்றன.

கம்பனிகளின் பணம் ஒரு மருந்தோடு வரும். அந்த மருந்தின் கணக்கு முடிந்ததும் போய்விடும். டகேடா நிறுவனத்தின் டெங்குத் தடுப்பூசியை 2016 முதல் எட்டு நாடுகளில் ஏறத்தாழ 20,000 பிள்ளைகளிடம் சோதித்தபோது இலங்கையும் அந்த எட்டில் ஒன்றாக இருந்தது. ஆகவே நம் நாட்டவருக்கு இது தெரியாத வேலை அல்ல. ஆனால் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் காப்புரிமை காலாவதியான மலிவு மாத்திரைகளே மருந்து. அவற்றைச் சோதித்து இலாபம் காண எந்தக் கம்பனியும் வராது. அந்த இடத்தில்தான் அரசின் பணம் தேவைப்படுகிறது.

இந்த வழக்கம் காசநோயிலிருந்து தொடங்குகிறது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவிடம் ஸ்ட்ரெப்டோமைசின் வாங்க டொலர் போதாமல் இருந்ததால், கிடைத்த சொற்ப மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதை எழுமாறாகத் தீர்மானித்து, 107 நோயாளரைக் கொண்ட ஆய்வை அங்குள்ள அரச மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை நடத்தி 1948இல் வெளியிட்டது. 1956இல் அதே பேரவை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை, சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழை நோயாளர் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் சானட்டோரியத்தில் வைத்துப் பார்த்ததற்குச் சமமாகக் குணமடைகிறார்கள் என்று 1959இல் அது காட்டியது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் வாழும் நோயாளரைப் பற்றி எழுதும்போது நான் எப்போதும் அந்த முடிவை முன்வைப்பேன். வறுமையும் நெரிசலும் உள்ள இடத்தில் தரமான ஆய்வு நடக்காது என்று நினைக்கும் மதிப்பீட்டாளருக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

ஆயத்தமாக வைத்திருப்பது என்றால் என்னவென்று 2020இல் உலகம் பார்த்தது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 2006இல் தொடங்கப்பட்டதிலிருந்து, அரச வைத்தியசாலைகளில் ஆராய்ச்சித் தாதியருக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. கொவிட் வந்தபோது ரிகவரி என்ற பரீட்சார்த்தத்தின் திட்டம் எழுதப்பட்ட ஒன்பதாம் நாளில் முதல் நோயாளர் சேர்க்கப்பட்டார்; ஜூன் 16ஆம் திகதி, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. டெக்ஸாமெத்தசோன் நம் தோட்டத்து மருந்தகத்திலும் இருந்த மருந்துதான். அதைச் சோதிக்கும் ஆட்கள்தான் இருக்கவில்லை.

அமெரிக்காவின் அமைப்பு இன்னும் விரிவானது. அங்கே தேசிய சுகாதார நிறுவனங்களின் கீழுள்ள ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய் நிறுவனம் தன் எச்.ஐ.வி. வலையமைப்புகளை ஏழாண்டுச் சுற்றுகளாக நிதியிடுகிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய சுற்று 2027 நவம்பரில் முடிகிறது. ஒவ்வொரு வலையமைப்பிலும் தலைமை மற்றும் செயற்பாட்டு நிலையம், ஆய்வுகூட நிலையம், புள்ளிவிவர நிலையம் என மூன்று தூண்கள் உண்டு. அவற்றுக்கு அப்பால், நோயாளரைச் சேர்க்கும் களங்கள் உலகமெங்கும் பரந்திருக்கும். நோயாளர் இருக்கும் வைத்தியசாலை அந்தக் களம்தான்; மூன்று தூண்களில் ஒன்றாவதற்கு நாம் விண்ணப்பிப்பதில்லை. அந்தப் பணமும் சாதாரண மானியம் அல்ல. கூட்டுறவு உடன்படிக்கை எனப்படும் அந்த வகையில், நிதி தரும் அரசின் விஞ்ஞானிகளே ஆய்வின் தீர்மானங்களில் பங்கேற்பார்கள். பணத்தைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவது நல்லது.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

நம் நாட்டில் இரண்டு கதவுகள் முக்கியமானவை. ஒன்று தேசிய ஆராய்ச்சிப் பேரவை. ஆய்வாளர் தாமே தெரிந்தெடுக்கும் தலைப்புகளுக்கும், பல துறையினர் சேர்ந்து ஒரு தேசிய இலக்கை நோக்கிச் செய்யும் ஆய்வுகளுக்கும் அது வெவ்வேறு மானியங்களை வைத்திருக்கிறது. மற்றது தேசிய விஞ்ஞான மன்றம். இவற்றின் தொகை வலையமைப்பு ஒன்றைக் கட்டுவதற்குப் போதாது. ஆனால் ஓராண்டுக்கு ஒரு காய்ச்சல் பதிவேட்டை ஒழுங்காக நடத்தி, மாதிரிகளைப் பரிசோதித்து, மலையகத்தில் எந்தக் காய்ச்சல் எவ்வளவு என்று காட்டுவதற்கு அது போதும். வெளிநாட்டு நிதியத்தின் முன் நிற்கும்போது கையில் இருக்க வேண்டியதும் அந்தக் கணக்குதான். எனவே உள்ளூர் மானியத்தை முதற்படியாகக் கொள்ளுங்கள். நேரே அமெரிக்காவுக்கு எழுதப் புறப்படும் இளம் வைத்தியர்களை நான் எப்போதும் தடுத்து நிறுத்துவதுண்டு.

வெளிநாடுகளைப் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் ஆரம்பித்த வளர்முக நாடுகளுடனான பரீட்சார்த்தக் கூட்டமைப்பு சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவை மையமாகக் கொண்டது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பிரித்தானியாவின் சர்வதேச சுகாதார ஆராய்ச்சி நிதி, அந்நாட்டின் அபிவிருத்தி உதவிக் கணக்கிலிருந்து வருவதால், உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கும்வரை நமக்குப் பொருந்தும். இந்தியாவைப் பொறுத்தவரை ஒரு சிறு எச்சரிக்கை: 2017 மே மாதம் டிக்கோயாவில் திறக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்டது என்பதால், ஆராய்ச்சிப் பணமும் அதே பையிலிருந்து வரும் என்று நினைக்கக் கூடாது. கட்டடம் தரும் அமைச்சும் ஆய்வுக்குத் தரும் பேரவையும் வெவ்வேறு.

அமெரிக்கப் பணத்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. பல்லாண்டுகளாக, அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் மானியத்தைப் பெற்று, அதிலொரு பகுதியை வெளிநாட்டுக் களங்களுக்குத் துணை உடன்படிக்கையாகப் பிரித்துக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. 2025 மே 1ஆம் திகதி, வெளிநாட்டுத் துணை உடன்படிக்கைகளைக் கொண்ட புதிய மானியங்களை நிறுத்திவைப்பதாகவும், அவற்றுக்குப் பதிலாக வெளிநாட்டு நிறுவனத்துக்கே நேரடியாக, முதன்மை மானியத்துடன் இணைக்கப்பட்ட தனி மானியமாக வழங்கும் முறையை உருவாக்கப் போவதாகவும் தேசிய சுகாதார நிறுவனங்கள் அறிவித்தன. பெரிய பல்கலைக்கழகத்தின் குடையில் நின்று, கணக்கை அவர்களிடம் விட்டுவிடலாம் என்ற பழைய சௌகரியம் இதனால் இல்லாமற்போகிறது. உங்கள் நிறுவனமே பதிவு செய்து, உங்கள் நிறுவனமே கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

பெயரில் ஒரு சிறு கோடு

அந்தப் பதிவைப் பற்றி என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் சாம் எனப்படும் பதிவேட்டில் நிறுவனத்தைச் சேர்த்துத் தனித்துவ அடையாள எண்ணைப் பெற்ற பின்னரே, விண்ணப்பம் அனுப்பும் இணையக் கணக்கைத் திறக்கலாம். நான் அப்போது பணியாற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் ஊரின் பெயர் வந்தது. வங்கிக் கணக்கில் அது இரண்டு சொற்களாகவும், ஸ்தாபித்த வர்த்தமானியில் இடையில் ஒரு சிறு கோட்டுடனும், கடிதத் தலைப்பில் ஒரே சொல்லாகவும் இருந்தது. மூன்றையும் பார்த்த பதிவேடு எங்கள் பதிவை மூன்று முறை திருப்பி அனுப்பியது. வங்கியிடம் கடிதம், சட்டப் பிரிவிடம் கடிதம், இரண்டுக்கும் மொழிபெயர்ப்புச் சான்று என்று அலைந்து முடிந்தபோது விண்ணப்ப முடிவுத் திகதி கடந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. நான்கு மாத உழைப்பு அந்தக் கோட்டில் போயிற்று.

ஆகவே விண்ணப்ப அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிவு செய்து விடுங்கள்; ஆறு கிழமைக்குக் குறைவாகக் கணக்கிட வேண்டாம். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும் என்பதால், அந்தத் திகதியை அலுவலக நாட்காட்டியில் சிவப்பில் குறித்து வைப்பது பயன் தரும்.

எத்தனை பேர் என்ற கேள்வி

வலையமைப்பு ஒன்று புதிய களத்தைச் சேர்க்கும்போது கேட்கும் முதற்கேள்வி, ஆண்டுக்கு எத்தனை நோயாளரைச் சேர்ப்பீர்கள் என்பதுதான். இதற்கு வார்டுப் பதிவேட்டிலுள்ள காய்ச்சல் எண்ணிக்கையை எழுதுவது பெரும் பிழை. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 600 காய்ச்சல் அனுமதிகள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் ஐந்து நாட்களுக்குள் வந்தவர்கள் பாதியாக இருந்தால் 300. கர்ப்பிணிகள், பிள்ளைகள், ஏற்கெனவே நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டவர்கள் ஆகியோரைக் கழித்தால் 150. இரவிலும் ஞாயிறிலும் ஆய்வுத் தாதி இல்லாத நேரத்தில் வந்தவர்களை விட்டால் 90. சம்மதிப்பவர்கள் மூன்றில் இருவர் என்றால் 60. இந்த இறங்குமுகக் கணக்கை ஒரு படமாக வரைந்து, ஒவ்வொரு படிக்கும் உங்கள் பதிவேட்டிலிருந்து ஆதாரம் காட்டினால், 60 என்ற சிறிய எண்ணே மதிப்பீட்டாளரை நம்ப வைக்கும். 600 என்று எழுதி 40 பேரைச் சேர்க்கும் களம் இரண்டாம் ஆண்டில் மூடப்படும்.

நோயாளர் தோட்டத்து மருந்தகத்தில் ஏற்கெனவே என்ன மருந்து பெற்றார் என்பதைக் குறிக்கும் ஒரு நிரலைப் பதிவேட்டில் இன்றே கோடு போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சலில் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரட்டால் சுட்டதுபோல் காணப்படும் கருமையான பொருக்கைத் தேடிப் பார்த்தீர்களா என்பதற்கு இன்னொரு நிரல். ஆடையை விலக்கிப் பார்த்தால் மட்டுமே அகப்படும் அந்தப் பொருக்கு, தாதியர் பெண்ணாக இல்லாத வெளிநோயாளர் பிரிவில் பெண்களிடம் பதிவாவதே இல்லை. இதை ஒரு குறையாக மறைக்காமல், ஏன் ஒரு பெண் ஆய்வுத் தாதி தேவை என்பதற்கு நியாயமாக எழுதலாம்.

பாதீட்டில் மலையகம்

விண்ணப்பத்தின் விஞ்ஞானப் பகுதியை பேராதனையிலோ கொழும்பிலோ உள்ள ஒருவர் நம்மைவிட நன்றாக எழுதிவிடுவார். பாதீட்டை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர் எழுதும் பாதீட்டில் தோட்டத்து மக்களுக்கு இடமே இருக்காது.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கிளினிக்குக்கு வர வேண்டும் என்று திட்டத்தில் எழுதுவது எளிது. அவர் வேலைக்குப் பேர் பதியும் காலைப் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பாதி நாளில் வந்தால் அரைப்பேர். பஸ் கட்டணம் மட்டும் தருவோம் என்று எழுதுவது, ஆய்வில் சேர்வதற்கு அவரிடமே கட்டணம் வாங்குவதற்குச் சமம். எனவே, இழந்த ஒரு நாள் கூலி என்று தனி வரியாக எழுதுங்கள். 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது; நீங்கள் எழுதும் நாளில் வர்த்தமானியில் எது நடைமுறையில் உள்ளதோ அதைப் போட்டு, ஆண்டுதோறும் திருத்தப்படும் என்றும் சேர்த்துவிடுங்கள். இது ஆசை காட்டுவதாகாதா என்று நெறிமுறைக் குழு கேட்கும். இழப்பீடு வேறு, தூண்டுதொகை வேறு. தோட்டத்தில் அன்று கிடைத்திருக்கும் தொகைக்கு மேல் ஒரு ரூபாவும் இல்லை என்று காட்டினால் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

கைக்குழந்தை உள்ள தாயாராயின் பிள்ளைக் காம்பராவில் விட்டுவர முடியாத நாட்களில் துணைக்கு வருபவரின் கூலியும் சேர வேண்டும். மேற்பிரிவுத் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு ஆட்டோவில்தான் இறங்க முடியும். மழை நாளில் அந்த ஆட்டோ கேட்கும் தொகை பஸ் கட்டணத்தின் பல மடங்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் வீதிகள் பல அறுபட்டதைப் பார்த்தவர்கள், நோயாளர் வர முடியாவிட்டால் தாதி நடந்து போவதற்கும் தொலைபேசியில் விசாரிப்பதற்கும் ஒரு மாற்றுத் திட்டத்தை எழுதி, அதற்குரிய செலவையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது குளிர். மாதிரிகளைச் சேமிக்கும் மறை 80 பாகை உறைகலன் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். அதை உயிரோடு வைத்திருக்கும் ஜெனரேட்டரும், டீசலும், வெப்பநிலை ஏறினால் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் எச்சரிக்கைக் கருவியும், அந்தச் செய்தியைக் கண்டு இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருபவரின் மேலதிக நேரக் கொடுப்பனவும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை நினைவுபடுத்தினால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதே ஆண்டின் இன்னொரு பாடம் நாணய மாற்று வீதம். சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது, ரூபாவில் தொகை நிர்ணயித்திருந்த ஆய்வுகள் இரசாயனப் பொருள்களை வாங்க முடியாமல் நின்றன. இறக்குமதிப் பொருள்களுக்குரிய செலவை டொலரிலும், சம்பளத்தை ரூபாவிலும் பிரித்துக் காட்ட முடியுமா என்று நிதியத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நிறுவனத்தின் பொதுச் செலவுகளுக்காகத் தரப்படும் மறைமுகச் செலவு என்ற இடத்தில் பலர் ஏமாறுகின்றனர். அமெரிக்க நிதியில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நீண்டகாலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது 8 சதவீதம்தான். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெறுவதோ அதைவிடப் பல மடங்கு. ஆகவே கணக்காளர், சாரதி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை மறைமுகச் செலவு பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், நியாயம் காட்டக்கூடியவற்றை நேரடிச் செலவாகவே எழுதுங்கள்.

இவை அனைத்திலும் நான் பிடிவாதமாக நிற்கும் வரி ஒன்றுண்டு: இரண்டு ஆய்வுகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் சம்பளம். ஒரு பரீட்சார்த்தம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை தாதியும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரும் சம்பளம் இல்லாமல் இருக்க முடியாது. மூன்று மாதத்தில் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ போய்விடுவார்கள். பயிற்றப்பட்டவர் போய்விட்டால் களம் பெயருக்கு மட்டுமே எஞ்சும். வலையமைப்பு நிதியின் அடிப்படைப் பகுதி இதற்காகவே ஒதுக்கப்படுகிறது என்பதால், கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அனுமதிகளின் வரிசை

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் படிவங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பதிவு பெற்ற நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில். பேராதனை மருத்துவ பீடத்தின் குழு நமக்கு அண்மையிலுள்ளது. மருந்து சம்பந்தப்பட்டதாயின், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் ஒப்புதல் வேண்டும். முதல் நோயாளரைச் சேர்ப்பதற்கு முன்பே இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய இப்பதிவேடு உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடுகளில் ஒன்று. வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழுள்ளதா மாகாண சபையின் கீழுள்ளதா என்பதைப் பொறுத்து அனுமதிக் கடிதம் தருபவர் மாறுவார். ஒரே ஆய்வில் இரண்டு வகை வைத்தியசாலைகளும் இருந்தால் இரண்டு கடிதங்களும் தேவை. காப்புறுதியையும், 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம்.

தோட்ட முகாமைத்துவத்தின் அனுமதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லயத்துக்குள் போவதற்கு அவர்களின் இணக்கம் நடைமுறையில் தேவைப்படும். ஆனால் துரை சம்மதித்தார் என்பது தொழிலாளியின் சம்மதம் ஆகாது. பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை முன்னிலையில் ஆய்வை அறிவித்தால், மறுப்பதற்கு யாருக்கும் வாய் வராது. தொழிற்சங்கத் தலைவரின் வாயால் அறிவிக்கச் செய்வதும் அதே பிழைதான். நோயாளர் வைத்தியசாலைக்கு வந்த பிறகு, வார்டில், தனியாக விளக்குவோம் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

சம்மதப் படிவத்தின் தமிழையும் நீங்களே எழுதுங்கள். ஒருமுறை மொழிபெயர்ப்பு நிறுவனமொன்று அனுப்பிய படிவத்தை வார்டில் வாசித்துக் காட்டினேன். அறுபதை நெருங்கிய ஓர் அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிங்க தம்பி, இதுல கைநாட்டு வச்சா என் ஈ.பி.எஃப். காசுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். ஆறு பக்கப் படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. வாழ்நாளில் அவர் கைநாட்டு வைத்த தாள்கள் எல்லாம் வேலையையும் காசையும் காம்பராவையும் பற்றியவை. ஆகவே அவருக்கு எழுந்த கேள்வி மிகச் சரியானது. அடுத்த பதிப்பில், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் தோட்டத்து வேலைக்கோ, சேமலாப நிதிக்கோ, குடியிருக்கும் காம்பராவுக்கோ எந்த மாற்றமும் வராது என்பதை முதற்பக்கத்தின் முதல் பந்தியாக்கினோம். எழுமாறாகப் பிரிப்பதை விளக்கக் குலுக்கல் சீட்டு என்ற சொல்லே போதுமானது. சீட்டுப் போடாத லயம் இல்லை.

மதிப்பீடும் அதன் பிறகும்

அமெரிக்க முறையில் மதிப்பீட்டாளர்கள் 1 முதல் 9 வரை புள்ளி இடுவார்கள்; 1 என்பதே மிகச் சிறந்தது என்பதை அறியாமல், 8 கிடைத்ததென்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதன்முறை கிடைக்காவிட்டால், 37 மாதங்களுக்குள் ஒருமுறை திருத்தி அனுப்ப இடமுண்டு. திருத்தும்போது விமர்சனங்களோடு வாதாட வேண்டாம். நோயாளர் தொடர்ந்து வருவார்களா என்று சந்தேகம் எழுப்பியிருந்தால், இடைப்பட்ட காலத்தில் ஐம்பது பேரைக் கொண்டு ஒரு சிறு கண்காணிப்பு ஆய்வைச் செய்து, இருபத்தெட்டாம் நாளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற எண்ணைக் கொண்டு பதில் சொல்லுங்கள்.

நிதி வந்ததும் முதலில் உறைகலன் வாங்கத் தோன்றும். பெறுகை நடைமுறைக்கு மூன்று விலைமனுக்களும் குழுக் கூட்டங்களும் தேவைப்படுவதால் அது எப்படியும் ஐந்தாறு மாதம் எடுக்கும். அதற்குள் தாதியை நியமித்து, நல்ல ஆய்வு நடைமுறை எனப்படும் சர்வதேச வழிகாட்டியில் பயிற்சியை, 2025 ஜனவரியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதன் புதிய பதிப்பின்படி முடித்து, காய்ச்சல் பதிவேட்டை அவர் கையில் ஒப்படைத்துவிடுங்கள். உறைகலன் ஹட்டன் வீதியில் லொறியில் ஏறி வரும் நாளன்று, அது வார்டின் கதவுக்குள் நுழையுமா என்பதை முதல்நாளே அளந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் முதலாவது நுழையவில்லை, கதவு நிலையைக் கழற்ற வேண்டியதாயிற்று.